ஒரு மூலையில் விதைத்துப் பார்ப்பது

1928 வாக்கில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு புது விதை விற்பனைக்கு வந்தது. வீரிய ஒட்டு மக்காச்சோளம். அதுவரை அங்கே போட்டுவந்த ரகங்களைவிட விளைச்சல் சுமார் 20 சதவீதம் கூடுதல். வறட்சியை ஓரளவு தாங்கும். தண்டு உறுதி என்பதால் எளிதில் சாயாது, இயந்திரம் விட்டு அறுக்கலாம். இத்தனை இருந்தும் ஊர் முழுக்க அதற்கு மாற ஏறத்தாழ 13 ஆண்டுகள் பிடித்தன. சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்றுவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்த 13 ஆண்டுகளில் என்னதான் நடந்தது என்று தோண்டிப் பார்த்தவர்கள் பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள். கிரீன் கவுண்டி என்ற பகுதியில் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு 259 விவசாயிகளிடம் விவரம் கேட்டார்கள். இந்த விதையைப் பற்றி முதலில் எப்போது கேள்விப்பட்டீர்கள், யார் சொன்னார்கள், எந்த ஆண்டு போட்டீர்கள், எத்தனை ஏக்கரில் போட்டீர்கள்? 1943-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையிலிருந்துதான் புதியவை எப்படிப் பரவுகின்றன என்ற ஆய்வுத் துறையே கிளைத்தது எனலாம். (ரயன் பிற்பாடு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். சிங்களச் சமூகத்தின் சாதி அமைப்பை ஆராய்ந்தவர் என்ற வகையில் அவர் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம்.)

1941 வாக்கில் அந்த 259 பேரில் இருவரைத் தவிர எல்லோரும் புது விதைக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஆனால் கேள்விப்பட்டதற்கும் மாறியதற்கும் நடுவே பெரும்பாலானவர்களுக்குப் பல ஆண்டுகள் ஓடியிருந்தன. செய்தியை முதலில் கொண்டுவந்தவர் பெரும்பாலும் விதை விற்பனையாளர். 'சரி, நாமும் போடலாம்' என்று மனதை மாற்றியதோ பக்கத்து வயல்காரர். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. முதலில் துணிந்து இறங்கியவர்கள்கூட முழு நிலத்திலும் இதைப் போடவில்லை. ஒரு மூலையில் போட்டார்கள், அடுத்த ஆண்டு கொஞ்சம் கூட்டினார்கள், அப்புறம்தான் முழுவதும் மாறினார்கள். கடைசியாக வந்தவர்கள் இந்தப் படிகளை வேகமாகத் தாண்டினார்கள், ஏனென்றால் அவர்களுக்காக ஊரே சோதித்து முடித்திருந்தது.

அவர்களின் தயக்கம் முட்டாள்தனம் இல்லை. பழைய முறையில், விளைந்த கதிரில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தால் அதுதான் அடுத்த ஆண்டு விதை. வீரிய ஒட்டில் அது நடக்காது. மறு தலைமுறையில் வீரியம் குறைந்துவிடும், ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். 1930-கள் அமெரிக்காவில் பெருமந்தக் காலம் வேறு. கையில் காசு புரளாத நேரத்தில், தாத்தா காலத்திலிருந்து இலவசமாகக் கிடைத்த ஒன்றைக் கடையில் வாங்கச் சொன்னால் யார்தான் யோசிக்க மாட்டார்கள்?

ஒரு மூலையில் போட்டுப் பார்க்கலாம் என்ற இந்த ஒரு வசதிக்குப் புத்தகங்களில் தனிப் பெயரே உண்டு. நாம் அதை முயன்றுபார்க்கும் வசதி என்று வைத்துக்கொள்வோம். புதிய தொழில்நுட்பங்களைப் பற்றி ஓயாமல் பேசப்படும் இந்தக் காலத்தில், எதை எடுப்பது, எதை விடுவது என்று குழம்புகிற ஒருவருக்கு மற்ற எதையும்விட இந்தக் கருத்து உதவும் என்பது என் எண்ணம்.

ஐந்து குணங்கள், அதில் ஒன்று

எவரெட் ரோஜர்ஸ் 1931-இல் அதே ஐயோவாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்குப் புதுப்புது இயந்திரங்கள் என்றால் உயிர், ஆனால் வீரிய ஒட்டு விதை என்றால் மட்டும் வேண்டாம் என்பார். எட்டு ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார். 1936-இல் கடும் வறட்சி வந்தபோது பக்கத்து வயலில் புதுச் சோளம் நிமிர்ந்து நின்றது, இவருடையது வாடிப்போனது. அதன் பிறகுதான் மனம் மாறியது. அந்த மகன் வளர்ந்து சமூகவியல் படித்து, புதியவை பரவுவதைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1962-இல் ஒரு நூல் எழுதினார். இன்றுவரை இத்துறையின் அடிப்படை நூல் அதுதான்.

ஒரு புதுப் பொருளோ முறையோ வேகமாகப் பரவுமா, மெதுவாகப் பரவுமா என்பதைப் பெரும்பாலும் ஐந்து குணங்கள் தீர்மானிக்கின்றன என்கிறார் ரோஜர்ஸ். பழையதைவிட என்ன ஆதாயம்? நம் பழக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் ஒத்துப்போகிறதா? புரிந்துகொள்ளச் சிரமமா? இவை மூன்றும் யாருக்கும் தோன்றக்கூடியவைதான். நான்காவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் முயன்றுபார்க்கும் வசதி. ஐந்தாவது, பலன் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது.

கடைசி இரண்டும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். இதற்கு ரோஜர்ஸ் சொல்லும் ஒரு கதை பெரு நாட்டில் நடந்தது. அங்கே லாஸ் மோலினாஸ் என்ற சிற்றூரில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி மக்களிடம் சொல்ல ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். சுமார் 200 குடும்பங்களில் மாறியவை 11 மட்டுமே. வெந்நீர் வைப்பதில் முயன்று பார்க்க என்ன தடை? அடுப்பும் பானையும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் இன்று கொதிக்க வைத்துக் குடித்தால் நாளைக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வராமல் போன வயிற்றுப்போக்கை யாரும் பார்க்க முடியாது. அதோடு அந்த ஊரில் வெந்நீர் நோயாளிகளுக்கானது என்று ஒரு நம்பிக்கை. உடம்புக்கு ஒன்றுமில்லாதவர் அதைக் குடித்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். கிருமி என்ற, கண்ணுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லி இந்த இரண்டையும் தாண்டிவிட முடியவில்லை.

நோய்த் தடுப்பு, சேமிப்பு, காப்பீடு, கணினியில் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பது எல்லாம் இந்த வகைதான். எளிதாகத் தொடங்கலாம், ஆனால் நல்லது நடந்ததற்கு அடையாளமே இருக்காது. அதனால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆமை வேகம்தான்.

ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தோமே

இந்தியாவில் இந்தக் கருத்துக்கு யுபிஐ-யைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 2016 ஏப்ரல் 11 அன்று அறிமுகமாகி, ஆகஸ்ட் கடைசியில் வங்கிகளின் ஆப்களாக மக்கள் கைக்கு வந்தது. அந்த அக்டோபரில் மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பரிவர்த்தனைகள்தான். நாட்டின் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டிவிட்டது.

நடுவில் 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு வந்தது உண்மைதான். அது எல்லா மின்னணுப் பணத்தையும்தானே தள்ளிவிட்டது? கார்டு தேய்க்கும் இயந்திரமும் அப்போது பரவியிருக்க வேண்டும். ஆனால் இன்று இளநீர்க் கடையில் தொங்குவது கார்டு இயந்திரம் இல்லை, கியூஆர் அட்டை. காரணம் பல: கட்டணம், வங்கிக்கு வங்கி வேறுபாடு பாராத ஏற்பாடு, மலிவான இணையம். என் கணிப்பில் கடைக்காரருக்கு எல்லாவற்றிலும் பெரியது, இழக்க ஒன்றுமில்லை என்பது. கார்டு இயந்திரத்துக்கு வாடகை, ஒவ்வொரு விற்பனைக்கும் வங்கிக்கு ஒரு பங்கு. கியூஆர் அட்டையோ அச்சடித்த ஒரு காகிதம். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடலாம். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ வழி வாங்கும் பணத்துக்கு வணிகரிடம் அந்தப் பங்கு வாங்கக் கூடாது என்று அரசு விதியே போட்டது.

வாடிக்கையாளர் பக்கமும் அதே கதை. முதல்முறை பயன்படுத்துகிறவர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? தம்பிக்கோ அக்காவுக்கோ ஒரு ரூபாய் அனுப்பிவிட்டு, 'வந்துச்சா?' என்று கேட்கிறார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் போனில் டிங் என்று சத்தம் வருகிறது. ஐயோவா விவசாயி ஓராண்டு காத்திருந்து பார்த்த பலனை இங்கே சில விநாடிகளில் பார்த்துவிடலாம், அதுவும் ஒரு ரூபாய் செலவில். கடைகளில் 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று தமிழில் கத்தும் அந்தச் சின்னப் பெட்டி இருக்கிறதே, அது ரோஜர்ஸின் ஐந்தாவது குணத்தைப் பெட்டிக்குள் அடைத்து விற்றதுதான். கடைக்காரர் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் அடுத்த ஐந்து பேருக்கும் 'இது வேலை செய்கிறது' என்று காதில் விழுகிறது.

இன்னும் தொடங்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும். பணம் வாங்க எந்தப் பின்னும் போட வேண்டியதில்லை. 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின் போட்டால் ஏறிவிடும்' என்று யார் சொன்னாலும் அவர் திருடர். இந்த ஒரு விதி தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

சோதித்தவர்களே மாற்றிவிட்ட கதை

முயன்று பார்ப்பது என்றால் ஒருவர் செய்ததை இன்னொருவர் பிடித்திருக்கிறதா, இல்லையா என்று சொல்வது மட்டுமில்லை. சில சமயம் சோதிக்கிறவர்கள் பொருளையே வேறொன்றாக்கிவிடுகிறார்கள்.

கென்யாவில் 2005-இல் சஃபாரிகாம் என்ற செல்பேசி நிறுவனம் ஒரு சிறு சோதனை நடத்தியது. ஒரு நுண்கடன் அமைப்பிடம் கடன் வாங்கிய சில நூறு பேருக்கு, தவணையைச் செல்பேசி வழியாகக் கட்டும் ஏற்பாடு. வாரக் கூட்டத்துக்கு வந்து கையில் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் யோசனை. சாதாரணப் போனிலேயே, சிம்முக்குள் இருக்கும் ஒரு மெனு வழியாக நடக்கும்படி செய்திருந்தார்கள்.

மக்கள் தவணையும் கட்டினார்கள். ஆனால் கூடவே வேறு என்னென்னவோ செய்தார்கள். கடைக்காரர்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்க இதைப் பயன்படுத்தினார்கள். சிலர் இரவு வீட்டில் பணம் வைத்திருக்கப் பயந்து இதில் போட்டு, காலையில் எடுத்தார்கள். சோதனை நடந்த ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயணம் போகிறவர்கள், கிளம்பும்போது காசைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு பேருந்து ஏறி, போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். வழிப்பறிக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? இப்படி ஒரு பயன்பாட்டை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கவே இல்லை.

அவர்கள் செய்த புத்திசாலித்தனம், மக்களைத் திருத்தப் பார்க்காமல் திட்டத்தைத் திருத்தியதுதான். கடன் தவணையை ஓரம் வைத்துவிட்டு, 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்ற ஒரே வாசகத்தோடு 2007 மார்ச்சில் நாடு முழுக்க விட்டார்கள். அதுதான் எம்-பெசா. இரண்டே ஆண்டுகளில் பல லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். உலகில் செல்பேசிப் பணம் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்லும் பெயர் அது.

நம்மூர் மிஸ்டு காலையும் இதே கணக்கில் சேர்க்கலாம். எந்தப் பொறியாளரும் அதை வடிவமைக்கவில்லை. அழைப்புக்குக் காசு அதிகம் என்ற காலத்தில், 'கிளம்பிவிட்டேன்', 'கீழே வந்து நிற்கிறேன்', 'நீயே கூப்பிடு' என்பதையெல்லாம் காசில்லாமல் சொல்ல மக்களே கண்டுபிடித்தது. பிறகு வங்கிகளும் கட்சிகளும் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டன.

ஏஐ-யிடம் என்ன கேட்டுப் பார்ப்பது?

இப்போது எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே வகைத் தொழில்நுட்பம் அதற்கு முன்பே ஆய்வாளர்கள் கையிலும் நிறுவனங்கள் கையிலும் இருந்தது. வெளியே பெரிதாகப் பேச்சில்லை. ஒரு பெட்டி, அதில் எதை வேண்டுமானாலும் தட்டலாம், காசு இல்லை என்று ஆனவுடன் உலகமே பேச ஆரம்பித்தது. தொழில்நுட்பம் அந்த ஒரு நாளில் பெரிதாக மாறவில்லை. முயன்று பார்க்கும் வாசல்தான் திறந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: மனிதர்கள் எழுதிய மலையளவு எழுத்தைப் படிக்க வைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்ற கணக்கைக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் கேள்வி கேட்டால் அந்தக் கணக்குப்படி சொல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பதில் தருகிறது. அதனால் பேச்சு சரளமாக இருக்கும். பேச்சு சரளமாக இருப்பதால் விஷயமும் சரி என்று ஆகிவிடாது. தெரியாததையும் அதே நம்பிக்கையோடு சொல்லும். கற்றுக்கொண்ட எழுத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மிகக் குறைவு என்பதால், தமிழில் இந்தச் சறுக்கல் கூடுதல்.

அப்படியானால் எங்கே போட்டுப் பார்ப்பது? பலரும் தங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். இயல்புதான், ஆனால் அது சோதனை ஆகாது. பதில் சரியா, தவறா என்று நமக்கே தெரியாதபோது எதைச் சோதித்தோம்? உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள். தையல்காரர் என்றால் பிரின்சஸ் கட் ரவிக்கைக்கு எப்படி வெட்டுவது என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் கோயில் திருவிழா எந்த மாதம், எத்தனை நாள் என்று கேளுங்கள். யாப்பு தெரிந்தவர் ஒரு வெண்பா கேட்டுப் பார்க்கலாம். நான் பார்த்தவரை பொருளும் எதுகையும் ஓரளவு வந்துவிடும், தளை தட்டும். தெரிந்த இடத்தில் எங்கே சறுக்குகிறது என்று பார்த்துவிட்டால், தெரியாத இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்று ஓர் அளவு கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதற்குப் பொருந்தாது. பானையில் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. இதில் ஒரு கேள்விக்கு அருமையாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு முழுப் பொய்யைச் சொல்லலாம். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு பதில் வரலாம். அதனால் ஒருமுறை கேட்டு அசந்துபோவதும் ஒருமுறை கேட்டு 'சும்மா பம்மாத்து' என்று மூடிவிடுவதும் ஏறக்குறைய ஒரே தவறு. உங்கள் வேலையில் அடிக்கடி வரும் ஒரு சின்னப் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம், கூட்டத்தில் பேசியதன் சுருக்கம், எக்செல்லில் ஒரு சூத்திரம், இப்படி ஏதாவது. அதைப் பழையபடி நீங்களும் செய்யுங்கள், ஏஐ-யையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஐயோவா விவசாயி பழைய சோளத்தையும் புதுச் சோளத்தையும் அடுத்தடுத்துப் போட்டதும் இதற்குத்தான்.

திரும்ப எடுக்க முடியாதவை

முயன்று பார்க்கச் சொல்லும் எவரும் சொல்ல மறப்பது ஒன்று உண்டு. எளிதாகத் தொடங்க முடிகிற எல்லாமே எளிதாக விட முடிகிறவை இல்லை. சிகரெட் நிறுவனங்கள் ஒரு காலத்தில் இலவசமாகச் சிகரெட்டை நீட்டியது மக்கள் மீதுள்ள பாசத்திலா?

உடனடிக் கடன் ஆப்களைப் பாருங்கள். இரண்டு தட்டல், பணம் கணக்கில். தொடங்குவதற்கு இதைவிட எளிதான ஒன்று இருக்க முடியாது. ஆனால் சில ஆப்களில் அந்த இரண்டு தட்டலில் போனில் உள்ள எல்லாத் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கொடுத்திருப்போம். அந்த வகையில் மோசமான ஆப்கள் தவணை தவறியதும் மாமனாருக்கும் மேலாளருக்கும் போன் போடுகின்றன. ஆப்பை நீக்கிவிட்டால் எண்கள் திரும்பி வந்துவிடாது.

மரபணுச் சோதனையும் அப்படித்தான். அமெரிக்காவில் 23-அண்ட்-மீ என்ற நிறுவனம் எச்சிலை ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்விகம் சொல்கிறோம் என்றது. சுவாரசியமான விளையாட்டுதான், விலையும் அதிகமில்லை. 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் அங்கிருந்து கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். மரபணுவை என்ன செய்ய? அது தனியொருவருடையதும் இல்லை. உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோருடைய தகவலும் அதில் பாதிக்குப் பாதி இருக்கிறது.

அதனால் புதிதாக ஒன்றைத் தொடும் முன் 'இது நல்லதா?' என்று கேட்பதைவிட, 'பிடிக்கவில்லை என்றால் நேற்று இருந்த இடத்துக்கு நான் திரும்பிப் போக முடியுமா?' என்று கேட்பது பயன்படும். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விற்பவர்தான் பதில் சொல்வார். இரண்டாவதற்கு நாமே பதில் தேடிக்கொள்ளலாம். ஏஐ-யிடம் ஒரு கடிதம் எழுதச் சொல்வதில் திரும்பிப் போகலாம். ஆதார் அட்டையின் படத்தையும் அம்மாவின் மருத்துவ அறிக்கையையும் அப்படியே ஏற்றிவிட்டால், போனது போனதுதான்.

மூலையே இல்லாத வயல்கள்

சிலவற்றில் சின்னதாகப் போட்டுப் பார்க்க வழியே இல்லை. கூரையில் சோலார் வைப்பதென்றால் அரைக் கூரைக்கு அரை நாள் என்று முடியாது. மின்சார ஸ்கூட்டரை ஷோரூமில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் மழைக்காலத்தில் மூன்றாம் ஆண்டு பேட்டரி எப்படி இருக்கும் என்று தெரியாது. இங்கேதான் பக்கத்து வீடு வருகிறது. கலிஃபோர்னியாவில் கூரை சோலார் பரவியதை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓர் அஞ்சல் குறியீட்டு வட்டாரத்தில் ஏற்கெனவே பலர் வைத்திருந்தால் மற்றவர்களும் வைக்கும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. அடுத்தவர் செய்த சோதனை பாதி நம்முடையது. விளம்பரத்தைப் படிப்பதைவிட இரண்டு ஆண்டாக வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய் மின்கட்டணச் சீட்டைக் காட்டச் சொல்லலாம். காட்டுவார்கள், பெருமையாகவே காட்டுவார்கள். கடுப்பில் இருந்தால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

ரோஜர்ஸ் புதியதை ஏற்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்து, கடைசி 16 சதவீதத்தினருக்குப் பின்தங்கியவர்கள் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. கையிருப்பு இல்லாதவர் ஒரு மூலையைக்கூடப் பணயம் வைக்க முடியாது. அவருக்கு அந்த மூலைதான் மொத்த வயல். புதியது எல்லாமே நல்லது, ஏற்காதவர்தான் குறையுள்ளவர் என்ற சாய்வு இந்த ஆய்வுகளில் இருந்ததை ரோஜர்ஸே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போட்டுப் பார்த்தபின் விடுவதும் முயன்று பார்ப்பதில் சேர்த்திதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒற்றை நாற்று நடவு நல்ல உதாரணம். மடகாஸ்கரில் 1980-களில் உருவான முறை அது. அரசு அதற்கு வைத்த பெயர் திருந்திய நெல் சாகுபடி. பதினான்கு நாள் இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், களைக்குக் கோனோ வீடர் என்ற, கையால் தள்ளும் கருவி. ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் ஆகும் விதை இதில் இரண்டு மூன்று கிலோ. 2000-களின் தொடக்கத்தில் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுச் சோதித்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். விளைச்சல் கூடியது, தண்ணீர் மிச்சமானது.

ஆனாலும் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கயிறு பிடித்துச் சதுரமாக, பிஞ்சு நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நடுவது கூலிக்கு வருகிற பெண்களுக்குப் பெரிய பாடு. அதே நேரத்தில் வழக்கமான முறையில் கூடுதல் பரப்பு நட்டுவிடலாம். கெட்டிக் களிமண்ணில் கோனோ வீடரைத் தள்ளினால் தோள் கழன்றுவிடும். தண்ணீர் முறை வைத்து வரும் வாய்க்காலில் நாம் நினைத்த நாளில் காயவிடவும் முடியாது, பாய்ச்சவும் முடியாது. அதனால் பலர் அவரவர்க்கு ஒத்து வந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இடைவெளியை வைத்துக்கொண்டு குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக்கினார். இன்னொருவர் நடவைப் பழையபடிக்கு மாற்றிவிட்டுத் தண்ணீர் கட்டுவதை மட்டும் மாற்றிக்கொண்டார். 'ஏற்றுக்கொண்டவர்', 'கைவிட்டவர்' என்று படிவத்தில் இரண்டே கட்டம் போட்டு எடுத்துப் போகிறவர் இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வரப்பிலேயே நின்று யோசிக்க வேண்டியதுதான்.